ஜெனரேட்டரா, பேட்டரியா? ஹூஸ்டன் வீட்டுக்கு எது சரி

2024 ஜூலை 8 விடியற்காலையில் டெக்சாஸ் கடற்கரையில் மாட்டகோர்டா அருகே கரையைக் கடந்த பெரில் சூறாவளி, ஐந்து வகைகளில் பலம் குறைந்த முதல் வகைதான். அதற்கே ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் தெருவுக்கு நான்காம் நாள் மாலைதான் திரும்பியது. அதற்குள் ஃபிரிட்ஜில் இருந்த இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டு வரை வழிந்துவிட்டது. துடைத்துக்கொண்டே போட்ட கணக்குதான் இது.

முதலில் பெரிய பெட்ரோல் ஜெனரேட்டர். 7,500 வாட் மெஷின் ஆயிரம் டாலர் சுமாருக்குக் கிடைக்கும். ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், ஜன்னல் ஏசி எல்லாவற்றையும் இழுக்கும். ஆனால் குடிப்பதும் அப்படித்தான்: பாதி லோடிலேயே நாளொன்றுக்குப் பதினைந்து கேலன் வரை போகும். புயலுக்கு மறுநாள் பெட்ரோல் பங்குக்கும் கரண்ட் கிடையாது என்பதை வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை. திறந்திருந்த ஒன்றிரண்டு பங்குகளில் வரிசை தெருமுனையைத் தாண்டியது.

அதைவிடப் பெரிய சிக்கல் புகை. எதிர்வீட்டுத் தம்பி கராஜ் கதவைப் பாதி திறந்து, உள்ளேயே ஓடவிட்டிருந்தார். கேட்டால், "மழையில நனைஞ்சிடுமேன்னுதான் அண்ணா" என்றார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பாதிக் கதவெல்லாம் அதற்குப் போதாது. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில்தான் ஜெனரேட்டர் நிற்க வேண்டும். இருவருமாக டிரைவ்வேயின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போய், மேலே தனியாக ஒரு கூடாரம் கட்டினோம்.

அப்புறம் இணைப்பு. இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரைத் துணி உலர்த்தும் டிரையரின் சாக்கெட்டில் செருகி, வீடு முழுக்க விளக்கெரியவைக்கும் வித்தை ஒன்று இங்கே உலவுகிறது. தயவுசெய்து வேண்டாம். மெயின் பிரேக்கரை அணைக்க மறந்தால் அந்த 240 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிவிடும். செத்த கம்பி என்று நம்பிக் கைவைக்கும் லைன்மேன் அதோடு போய்விடுவார். தெரு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேராமல் தடுக்கும் இன்டர்லாக் அல்லது டிரான்ஸ்ஃபர் சுவிட்சை, எலெக்ட்ரீஷியனை வைத்து பிரேக்கர் பேனலில் போடுங்கள். அதுவரை ஜெனரேட்டரிலிருந்து நேராகத் தடித்த எக்ஸ்டென்ஷன் வயர் போதும்.

பவர் ஸ்டேஷன் என்று விற்கும் பேட்டரிப் பெட்டிக்குப் புகையும் இல்லை, சத்தமும் இல்லை, படுக்கையறையிலேயே வைக்கலாம். 2 கிலோவாட் மணி அளவுள்ளது ஒரு ஃபிரிட்ஜை ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். ஆனால் ஜன்னல் ஏசியைப் போட்டால் நாலு மணி நேரத்தில் காலி. நான்கு நாள் இருட்டுக்கு இதை மட்டும் நம்பினால் இரண்டாம் நாளே அது வெறும் பெட்டி.

இயற்கை எரிவாயுவில் தானாக ஓடும், வீட்டோடு நிரந்தரமாகப் பொருத்தும் ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கரண்ட் போன சில நொடிகளில் வீடே எழுந்துவிடும், பெட்ரோல் வரிசையும் கிடையாது. பொருத்தி முடிக்கப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். வெள்ளம் ஏறும் பகுதியென்றால் மேடை கட்டித்தான் வைக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். கூரையில் சோலார் இருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்: பேட்டரியோ அதற்கென்ற தனி ஏற்பாடோ இல்லையென்றால், தெரு மின்சாரம் போனதும் வழக்கமான சோலாரும் தானாக நின்றுவிடும்.

நான் கடைசியில் வாங்கியது இரண்டும் கலந்த கூட்டணி: 2,000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் (லோடுக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடும் சிறிய பெட்ரோல் மெஷின்) ஒன்று, 2 கிலோவாட் மணி பேட்டரி ஒன்று. பகலில் சில மணி நேரம் ஜெனரேட்டரை வெளியே ஓட்டி பேட்டரியை நிரப்பிவிட்டு, இருட்டும் முன் அணைத்துவிடுவது. இரவில் ஃபிரிட்ஜ், ஃபேன், வைஃபை எல்லாம் பேட்டரியில். தூங்கும்போது எதுவும் எரிந்துகொண்டிருக்காது. ஏசி இல்லாத இரவு கசகசக்கும்தான், அதற்குப் பழகிக்கொண்டோம். பெட்ரோலும் நாளுக்கு இரண்டு கேலனைத் தாண்டாது.

அபார்ட்மென்ட்காரர்களுக்கு இந்தக் கூட்டணியும் கிடையாது. பால்கனி ஜெனரேட்டர் வைக்கும் இடமல்ல. பேட்டரி மட்டும்தான், அதையும் புயலுக்கு முந்தைய இரவே நூறு சதவீதம் ஏற்றிவிட வேண்டும். திறக்காத ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம்தான் குளிர் காக்கும், நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும். அதனால் எங்கள் வீட்டில் புயல் எச்சரிக்கை வந்தால் மாவு அரைப்பதில்லை.