1,850 ரூபாய்க் குச்சி: தை முதல் ஐப்பசி வரை ஆடிப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் குச்சியை வாங்கலாம், ஆனால் அதோடு வரும் டிப்பை, அதாவது பந்தைத் தொடும் நுனித் துண்டை, நம்பி வாங்காதீர்கள். மேஜைமேல் பந்துகளைக் குத்திக் குழியில் தள்ளும் பூல் ஆட்டத்தின் க்யூவைத்தான் குச்சி என்கிறேன், நான் ஆடப்போகும் பூல் பார்லரில் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை. 58 இஞ்ச், நடுவில் மரை போட்டுக் கழற்றும் இரண்டு துண்டு, மேப்பிள் மரத்தில் ஷாஃப்ட் என்கிற முன்பாதி, 13 மில்லிமீட்டர் டிப், பைக்குள் வைத்து 1,850 ரூபாய். கம்பெனிப் பெயர் போடவில்லை, ஏனென்றால் அதே குச்சி, அதே டிராகன் ஸ்டிக்கரோடு, ஆன்லைனில் நாலு பெயரில் நாலு விலையில் கிடைக்கிறது.

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். கடையைச் சாத்திவிட்டு ஒன்பதரைக்கு பார்லருக்குப் போனால் அங்கிருக்கும் ஆறு பொதுக் குச்சிகளில் நேராக இருக்கும் ஒன்றே ஒன்றை முன்னாடியே வந்த காலேஜ் பையன் எடுத்து வைத்திருப்பான், மிச்சம் ஐந்தில் எதை எடுத்தாலும் அன்றைக்கு ஒரு ஆட்டம், மறுநாள் வேறொரு ஆட்டம். பந்து விழாததற்கு நான் காரணமா குச்சி காரணமா என்றே தெரியாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. சொந்தக் குச்சி வாங்கினால் அந்தச் சாக்கு போய்விடும் என்பதுதான் அதன் முதல் லாபம்.

போன வருஷம் ஐப்பசியில் 999 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பீரோவுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தேன். கார்த்திகை முடிவதற்குள் அது வில். டெல்டா மழையில் துணியே நாலு நாள் காயாது, சரியாக உலர்த்தாத மலிவு மரம் என்ன செய்யும்? அதிலும் சாய்த்து வைத்தால் அதன் பாரமே அதை வளைக்கும். கடைக்கு வரும் நாகஸ்வர வித்வான் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன், அவர் சிரித்துவிட்டு, "அதுக்குத்தான் தம்பி நரசிங்கம்பேட்டையில பழைய வீட்டு உத்தரமா பார்த்து ஆச்சா மரம் எடுக்கிறாங்க, அது வத்த வேண்டியதெல்லாம் வத்தி முடிச்ச மரம்" என்றார். 1,850 ரூபாய்க்கு நூறு வருஷத்து உத்தரம் கிடைக்காது, சரி, ஆனால் நிற்கவைக்காமல் தொங்கவிட்டு வைக்கலாம் இல்லையா. இரண்டாவது குச்சி தையில் வந்தது, அன்றிலிருந்து டிப்புக்குக் கீழே துணி நாடா கட்டி ஆணியில் தொங்குகிறது. இப்போது மறுபடி ஐப்பசி, வெளியே கொட்டுகிறது, குச்சி இன்னும் நேர்தான்.

வந்த அன்றே சோதித்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு ஓடிவிடும். எல்லாரும் மூட்டிய குச்சியை போர்டில், அதாவது ஆடும் மேஜையில், உருட்டிப் பார்ப்பார்கள், அது பாதிச் சோதனைதான். முதலில் ஷாஃப்டை மட்டும் கண்ணாடி மேல் உருட்டுங்கள், அடியில் தெரியும் வெளிச்சக் கோடு கூடிக் குறைந்தால் மரம் வளைந்திருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். ஷாஃப்ட் நேர், கையில் பிடிக்கும் பட் பகுதியும் நேர், மூட்டினால் மட்டும் ஆடுகிறது என்றால் மரை கோணலாக இறங்கியிருக்கிறது, அதையும் அனுப்புங்கள். அப்புறம் எடை. பாத்திரக்கடைக்காரன் எதையும் தராசில் போடாமல் விடமாட்டான். ஸ்டிக்கரில் 19 அவுன்ஸ், அதாவது 539 கிராம் வரணும், எங்கள் தராசு 498 காட்டியது. பித்தளைக் குடத்தில் நாற்பது கிராம் குறைந்தால் கடை வாசலில் சண்டை நடக்கும், குச்சியில் யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் லேசான குச்சி எனக்குப் பிடித்திருந்ததால் வைத்துக்கொண்டேன், ஆட்டம் தொடங்கப் பந்துக் குவியலை உடைக்கும் பிரேக் அடிக்கு மட்டும் பார்லர் குச்சி.

இப்போது டிப். கூட வந்தது கல் மாதிரி, மேலே பளபளவென்று, வழுக்காமல் இருக்கத் தடவும் சாக் கட்டி ஒட்டவே ஒட்டாது, ஓரத்தில் குத்தினால் நுனி வழுக்கி மிஸ்க்யூ. நடுத்தரக் கடினமுள்ள தோல் டிப் வாங்கி, பழையதைச் சீவி எடுத்து, இரண்டு பரப்பையும் உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து, ஜெல் பசையில் ஒட்டி ஒரு ராத்திரி விட்டேன். மேல் வளைவு ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு வளைவுக்குப் பொருந்தினால் போதும். மொத்தச் செலவு 120 ரூபாய், 1,850-ல் கிடைக்காத ஆட்டம் இந்த 120-ல் கிடைத்தது. சாக் என்கிறோமே தவிர அது வெறும் சுண்ணாம்பு இல்லை, 1897-ல் அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் இருவரும் காப்புரிமை வாங்கியது மணல் சத்தான சிலிக்காவையும் குருந்தம் வகை உராய்பொருளையும் வைத்துச் செய்த கலவைக்கு, அதனால்தான் தோலில் ஒட்டிக்கொண்டு பந்தைப் பிடிக்கிறது. அதைத் திருகித் துளை போடாமல், வர்ணம் அடிப்பது மாதிரி தடவுங்கள்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லணும். நாலாவது மாதம் டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் வளையம், ஃபெரூல், விரிசல் விட்டது. நாம்தான் பித்தளைக்காரர் ஆயிற்றே என்று நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடைசல் பிடிக்கும் ஒருவரிடம் போய் பித்தளையில் கடைந்து மாட்டச் சொன்னேன். அழகென்றால் அழகு, கோயில் கலசம் மாதிரி மின்னியது. நடுவில் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை, வலது ஓரத்தில் ஸ்பின் வைத்து அடித்தால் வெள்ளைப் பந்து நான் குறிவைத்த கோட்டை விட்டு இடது பக்கம் முன்னைவிட அதிகமாக விலகிப் போனது. குச்சியின் நுனி கனமாக ஆக இந்த விலகல் கூடும், பூல் மாதிரியே இன்னொரு ஆட்டமான ஸ்னூக்கரின் குச்சியில் பித்தளை இருக்கிறதே என்றால் அதன் நுனியே ஒன்பதரை, பத்து மில்லிமீட்டர்தான், வளையமும் மெல்லிசு. இரண்டு வாரம் தோற்றுவிட்டு திரும்பப் போனேன். "விளக்குக்குப் பாரம் வேணும், உன் குச்சிக்கு எதுக்குய்யா?" என்று கேட்டுக்கொண்டே ஃபைபர் வளையம் மாட்டிக் கொடுத்தார். கடைந்ததும் அவர்தான், கேட்டதும் அவர்தான்.

ஸ்னூக்கர் குச்சியையே வாங்கி இரண்டையும் ஆடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஆடலாம், ஆனால் ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், பூல் பந்து 57, கனமும் கூட, மெல்லிய நுனியை வைத்து பிரேக் அடிக்காதீர்கள். ஸ்னூக்கர் 1875 வாக்கில் ஜபல்பூரில் பிறந்து நம்ம ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட ஆட்டம் என்ற பெருமை வேறு விஷயம், உங்கள் ஊரில் எந்த போர்டு இருக்கிறதோ அதற்கு வாங்குங்கள்.

ஆட்டம் முன்னேறியதா? முன்னேறியது, அதில் பெரும்பங்கு வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு. காலி பன்னீர் சோடா பாட்டிலைப் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் குச்சி நுனி உரசாமல் போய் வரணும், காலையில் ஐம்பது தடவை. வீட்டில் பார்க்கிறவர்கள் பார்க்கிற பார்வையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உரசும் சத்தம் கேட்டால் பின்கை மணிக்கட்டு திரும்புகிறது, இல்லை பிடி இறுகுகிறது. பார்லரில் மணிக்கு 120 ரூபாய், அதில் முதல் பதினைந்து நிமிஷம் ஒரே அடி: நேர்கோட்டில் ஒரு பந்து, வெள்ளையை நடுவுக்குச் சற்றுக் கீழே குத்தி, மோதிய இடத்திலேயே அது நிற்கணும். முன்னே உருண்டால் குத்து மேலே விழுந்திருக்கிறது, பின்னே வந்தால் ரொம்பக் கீழே, பக்கவாட்டில் நகர்ந்தால் நேராகவே மோதவில்லை. தூரம் கூடக் கூட இன்னும் கீழே, இல்லாவிட்டால் இன்னும் வேகமாகக் குத்தணும், போகிற வழியில் துணி உரசி பின்சுழற்சியைத் தின்றுவிடும். இதே குச்சியில் இதே அடியை மாதக்கணக்கில் அடித்ததில்தான் தப்பு எங்கே என்று தெரிந்தது. கை வேர்த்தால் பவுடர் வேண்டாம், போர்டுத் துணி நாசம், மூன்று விரல் கையுறை போதும்.

கூட வந்த பை பற்றி ஒரு வரி போதும், மூன்றாவது மாதம் ஜிப் போய்விட்டது. மிருதங்கத்துக்கு உறை தைக்கும் தையல்காரரிடம் 250 ரூபாய்க்கு ரெக்சினில் தைத்துக்கொண்டேன், உறுதியாக இருக்கிறது. தஞ்சாவூர் பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தபோது கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "எந்தக் கோயில்ல சார் கச்சேரி?" என்றார்.