மஞ்சள் டப்பா ஈஸி-ஆஃபும் மதர்ஸ் பாலிஷும்: பழைய பிஎம்எக்ஸ் பாகங்களில் வண்ணம் நீக்குவதற்கு ஒரு மதிப்பீடு

தென் கலிபோர்னியாவில் பிறந்த பிஎம்எக்ஸ் என்னும் சிறுசக்கரச் சைக்கிள் பந்தயம் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் செழித்திருந்தபோது விற்பனையான டஃப்-நெக் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்), அராயா 7எக்ஸ் ரிம், டயா-காம்ப் எம்எக்ஸ்1000 பிரேக் போன்ற அலுமினியப் பாகங்கள், அனோடைஸ் செய்யப்பட்ட சிவப்பு, நீலம், பொன், கறுப்பு வண்ணங்களிலும் கிடைத்தன. வெயிலில் நெடுங்காலம் நின்ற வண்டிகளில் அந்தச் சிவப்பு இளஞ்சிவப்பாகவும், கறுப்பு ஊதா கலந்த பழுப்பாகவும் வெளுத்துவிடுகின்றன. வெளுத்த வண்ணத்தை நீக்கி வெறும் அலுமினியத்தை மெருகேற்ற விரும்புவோர், அமெரிக்காவில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு பொருள்களைத்தான் பெரும்பாலும் நாடுகிறார்கள். ஒன்று, மஞ்சள் டப்பாவில் வரும் ஈஸி-ஆஃப் அடுப்பு கிளீனர். மற்றொன்று, மதர்ஸ் நிறுவனத்தின் மேக் அண்ட் அலுமினியம் பாலிஷ். இரண்டும் நல்ல பொருள்களே. ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

அனோடைஸ் என்பது மேலே பூசிய பெயின்ட் அன்று. கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தும்போது அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறி வளர்கிறது. அதிலுள்ள நுண்துளைகளில் சாயத்தை ஏற்றி, வெந்நீரில் இட்டு அத்துளைகளை அடைக்கிறார்கள். இந்த அலுமினியம் ஆக்சைடு, உப்புத்தாளில் தேய்க்கும் துகளாகப் பயன்படுகிற அதே சேர்மம். ஆகவே பாலிஷைத் துணியில் தொட்டு அனோடைஸ் மேல் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் அழுக்கு போகுமே தவிர, வண்ணம் போகாது. மதர்ஸ் பாலிஷ் வேலை செய்யவில்லை என்று குறை கூறுவோர் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அந்த பாலிஷ் பூச்சு ஏதுமில்லாத வெறும் உலோகத்துக்கு உரியது.

ஆக்சைடைக் கரைக்கும் வேலையைச் செய்வது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. மஞ்சள் டப்பா ஈஸி-ஆஃபில் அது இருக்கிறது. அதே பெயரில் நீல டப்பாவில் வரும், நெடியில்லாத வகையில் அது இல்லை என்பதால், அதை வாங்கித் தெளித்துவிட்டுக் காத்திருப்பது வீண். வாங்கும்போது டப்பாவின் நிறத்தோடு நின்றுவிடாமல், பின்புறத்தில் அச்சிட்டுள்ள சேர்மப் பட்டியலையும் படித்துப் பார்ப்பது நல்லது.

காஸ்டிக் சோடாவைத் தனியாக வாங்கித் தண்ணீரில் கரைத்தும் இதைச் செய்யலாம், செலவு குறையும். இருந்தும் நான் தெளிப்பானையே பரிந்துரைக்கிறேன். நுரை பாகத்தின் மேல் ஒட்டி நிற்பதால், எந்த இடத்தில் எவ்வளவு கரைகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். சாயம் நுரையில் இறங்கி நுரை நிறம் மாறுவது முதல் அடையாளம். அதற்குப் பிறகு பொடிக் குமிழிகள் விறுவிறுவென எழத் தொடங்கினால், ஆக்சைடு முடிந்து காரம் அலுமினியத்தையே தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் குமிழிகள் ஹைட்ரஜன் வாயு. அந்த நொடியே பாகத்தை எடுத்து நிறைய தண்ணீரில் அலச வேண்டும். அலங்காரத்துக்காக ஏற்றிய மெல்லிய படலம் சில நிமிடங்களிலேயே கரைந்துவிடும். தடித்த கடின அனோடைஸுக்கு மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டியிருக்கும். கடிகாரத்தை விடக் குமிழிகளையே நம்பலாம்.

இந்தப் பொருளின் பெரிய ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அதிக நேரம் விட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாவதோடு நில்லாமல், மரைகள் தேய்ந்து போல்ட் பிடிக்காமல் போகும். பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டிய இடம் தளர்ந்துவிடும். ஸ்டெம் போன்ற, ஓட்டுபவரின் உயிரைத் தாங்கும் பாகத்தில் இது சிறு குறை அன்று. மரைகளையும் பேரிங் இடங்களையும் முன்கூட்டியே மெழுகாலோ ரப்பர் அடைப்பாலோ மூடிவிட வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டுகளையும் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் காரம் துத்தநாகத்தையும் கரைக்கும். குழாய்போல் உள்ளீடற்ற பாகங்களின் உள்ளே தேங்கிய காரம் பிறகும் அரித்துக்கொண்டிருக்கும் என்பதால், அவற்றை அலசுவதில் சலிப்பே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்தவெளி, பிளாஸ்டிக் தொட்டி ஆகிய நான்கும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கண்ணில் தெறிக்கும் ஒரு துளி காரம் பார்வையைப் பறித்துவிடும்.

அலசிய பாகம் மங்கிய சாம்பல் நிறத்தில், சில உலோகக் கலவைகளில் கரி படிந்ததுபோல் கறுப்பாகவும் வெளிவரும். பலர் இதைக் கண்டு அஞ்சுகிறார்கள். காரத்தில் கரையாத செம்பு, சிலிக்கான் போன்றவை மேலே தங்குவதால் வரும் கறை அது. 7075, 2024 போன்ற எண்களால் குறிக்கப்படும், செம்பு கலந்த அலுமினிய வகைகளில் அதிகமாக இருக்கும். தொழிற்சாலைகளில் இதை நைட்ரிக் அமிலத்தால் நீக்குவார்கள். வீட்டில் செய்பவர்களுக்கு வாட்டர் பேப்பரே, அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளே போதுமானது.

பளபளப்பின் பெரும்பகுதி இந்த வாட்டர் பேப்பரில்தான் பிறக்கிறது. ஆழ்ந்த கீறல் இருந்தால் 400ஆம் எண் தாளில் தொடங்கி, 600, 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாக நுண்ணிய தாள்களுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தின் கோடுகள் முற்றிலும் மறைந்த பிறகே அடுத்த தாளை எடுக்க வேண்டும். 800ஐத் தாண்டிவிட்டு அவசரப்பட்டால், பாலிஷ் போட்ட பிறகு அந்தக் கோடுகள் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும்.

2000க்குப் பிறகு மதர்ஸ் பாலிஷ் தன் உண்மையான தகுதியைக் காட்டுகிறது. வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும் பசையைச் சிறிது தொட்டுத் தேய்க்கத் தொடங்கியதுமே துணி கறுக்கிறது. அது அழுக்கன்று, மேற்பரப்பிலிருந்து சீவப்பட்ட அலுமினியம். கறுப்பு முழுவதும் துடைக்கப்படும்போது அடியில் வரும் ஒளி, வெள்ளி நிற அனோடைஸில் காண முடியாத ஆழம் கொண்டது. 5 அவுன்ஸ் டப்பாவே ஒரு வண்டியின் பாகங்களுக்குத் தாராளமாகப் போதும். ஜெர்மனியின் ஆட்டோசால் பசையும் இதே வேலையைச் செய்கிறது என்றாலும், பெடல் கூண்டின் மூலைகளிலும் பிரேக் கைகளின் வளைவுகளிலும் மதர்ஸ் பசையைத் துடைத்தெடுப்பது எனக்கு எளிதாக இருக்கிறது.

மதர்ஸ் தருவது பளபளப்பு மட்டுமே, பாதுகாப்பு அன்று. அனோடைஸ் போன பிறகு அலுமினியம் காற்றிலும் வியர்வையிலும் மங்கத்தான் செய்யும். கடலோர உப்புக்காற்றில் இன்னும் விரைவாக மங்கும். மேலே மெழுகு பூசினால் சற்றுத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது. வண்ணம் ஓரளவேனும் நன்றாக எஞ்சியிருக்கும் பாகத்தை யாரும் இந்த வழிக்குக் கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதன் மேல் அச்சிட்ட எழுத்துகளும் அந்தக் காலத்துச் சாயமும் ஒருமுறை போனால் திரும்புவதில்லை, சேகரிப்பாளர்களும் அசல் வண்ணத்துக்கே கூடுதல் விலை தருகிறார்கள். மீண்டும் வண்ணம் ஏற்றும் எண்ணம் இருப்பவர்கள் மெழுகைத் தவிர்க்க வேண்டும். பாலிஷின் எண்ணெய்ப் பசை பள்ளங்களில் தங்கினால் புதிய படலம் திட்டுத்திட்டாக வளரும் என்பதால், எதைப் பயன்படுத்தினோம் என்பதை அனோடைஸ் பட்டறைக்காரரிடம் பாகத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.