46,800 ரூபாய் போச்சு: நேபாளத்துச் சின்ன ஊர்களுக்கு ஏற்பாடு பண்றேன்னு சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதை

கோரக்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. அப்பா பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கார். ஊருக்குப் போய் ஆற அமர எழுதலாம்னு இருந்தேன், மனசு கேட்கலை. எங்ககிட்ட டூர் பணம் வாங்கி ஏமாத்தின ஆள் இன்னைக்குக் காலையிலும் 'அடுத்த ட்ரிப், 4 சீட்தான் பாக்கி'ன்னு வீடியோ போட்டிருக்கான்.

அப்பா ரிட்டயர்டு வரலாறு வாத்தியார். நம்ம ஊரில் நேபாளம்னா பசுபதிநாத், முக்திநாத், போக்ரா, அவ்வளவுதான். அப்பாவுக்கு வேற ஆசை. பிருத்வி நாராயண் ஷா 1743-இல் பட்டத்துக்கு வந்த கோர்க்காவைப் பார்க்கணும். ஒரு குட்டிக் குன்று ராஜ்யத்திலிருந்து கிளம்பி ஒரு நாட்டையே சேர்த்துக் கட்டின இடம்னு எத்தனையோ வருஷமாச் சொல்வார். கூடவே நேவார் இன வியாபாரிகளோட பழைய ஊரான பந்திபூர், சேன் ராஜாக்கள் ஆண்ட பால்பாவின் தான்சேன். எங்க ஊர் டூர்காரங்க ரெண்டு பேரைக் கேட்டேன், 'அதுக்கெல்லாம் ஆள் சேராதும்மா'ன்னு கைவிரிச்சுட்டாங்க.

அப்போதான் குட்டி வீடியோ ஆப்பில் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. தமிழ்க்காரர், 'யாரும் போகாத மலை ஊர்கள்'னு அழகாப் பேசுறார். 6 ராத்திரி, ரெண்டு பேர், சுனௌலி பார்டரில் இருந்து கார், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 46,800 ரூபாய். அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏற யோசிப்பார்னு சொன்னேன். மறுநாள் ஒரு வாய்ஸ் நோட் வந்தது: "அக்கா, கோர்க்கா அரண்மனைக்குப் படி ஜாஸ்தி. கவலையே வேணாம், ஐயாவை நானே கையைப் பிடிச்சு ஏத்திட்டு வர்றேன். எனக்குத்தான் அப்பா இல்லக்கா."

அப்பா அதை ரெண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். 'நல்ல பையன்மா' என்றார். அந்த மத்தியானமே 20,000 அனுப்பினேன். இன்னைக்கு வரைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கு, வயிறு எரியுது. ரயில் ஏறுறதுக்கு முந்தின ராத்திரி 'ஹோட்டல்ல முழுப் பணம் கேக்குறாங்கக்கா'ன்னு மெசேஜ், மீதி 26,800-ம் போயிடுச்சு. ரெண்டும் யுபிஐ-யில், ஒரு தனி ஆளோட நம்பருக்கு.

சுனௌலியில் வெயிலில் மூணு மணி நேரம் நின்னோம். காரும் இல்லை, ஆளும் இல்லை. 'டிரைவர் பக்கத்துல வந்துட்டார்க்கா.' அப்புறம் 'வண்டி ரிப்பேர், பஸ்ல வந்துடுங்க, பில் அனுப்புங்க, திருப்பிப் போட்டுடுறேன்.' பைரஹவா, புட்வல், அங்கிருந்து மலைப்பாதை பஸ் ஏறித் தான்சேன் போனோம். ரூம் புக் ஆகலை. 'சிஸ்டம் ப்ராப்ளம், நீங்க கட்டிடுங்க.' கட்டினேன். அப்பவும் நம்பினேன்.

2006 மாவோயிஸ்ட் தாக்குதலில் எரிஞ்சு திரும்பக் கட்டின பால்பா தர்பார் அரண்மனை முன்னாடி அப்பா ரொம்ப நேரம் நின்னார். டாக்கான்னு அங்கே சொல்ற நேபாளி நெசவுத் துணியில் ஒரு தொப்பி வாங்கினார். காளி கண்டகி ஆத்தங்கரையில், செத்துப்போன மனைவிக்காகக் கட்க ஷம்ஷேர் ராணா கட்டின ராணி மஹலுக்கு மறுநாள் காரில் கூட்டிட்டுப் போறதா அட்டவணையில் இருந்தது. அவன் போன் எடுக்கவே இல்லை.

பந்திபூரில்தான் முழுசாப் புரிஞ்சது. நெடுஞ்சாலையில் டும்ரேங்கிற ஊரில் இறங்கி 8 கிலோமீட்டர் மேலே ஜீப். அவன் அட்டவணையில் 'கார் ஹோட்டல் வாசல் வரை'ன்னு இருக்கு. அந்தக் கடைத்தெருவுக்குள்ள வண்டியே விடமாட்டாங்க! தெரு முழுக்கக் கல் பாவினது. அப்பா காலை இழுத்து இழுத்து நடக்க, நான் ரெண்டு பெட்டியையும் தூக்கிட்டுப் போனேன். அந்த ஊரை எட்டிக்கூடப் பார்க்காதவன் எழுதின அட்டவணை அது. விடுதி அக்கா பெரிய நோட்டைத் திறந்து, ஒவ்வொரு வரியா விரலை வைச்சுத் தேடி, 'சைன, சைன' என்றார். இல்லை, இல்லைன்னு அர்த்தமாம். அப்பா முகத்தைப் பார்த்துட்டு, காசு பேச்சே எடுக்காம முதல்ல டீ கொண்டு வந்து வைச்சார்.

ராத்திரி அவனைக் கூப்பிட்டேன். 'மீட்டிங்ல இருக்கேன்.' மறுநாள், 'பேமென்ட் டீம்ல கேக்குறேன்.' அதுக்கு அடுத்த நாள், 'ட்ரிப் நடந்துட்டே இருக்கே, ரீஃபண்ட் எப்படித் தர முடியும்?' கடைசியா, 'இப்படிப் பேசினா உதவி பண்ண முடியாது மேடம்.' அக்கா போய் மேடம் ஆயிட்டேன். இப்போ பிளாக்.

கையில் இருந்த காசு தீர்ந்துடுச்சு. கோர்க்கா போகலை. டும்ரேயில் இருந்து அது ஒண்ணும் ரொம்ப தூரமும் இல்லை. அப்பா 'பரவாயில்லைம்மா, படி ஏறியிருக்க முடியாது' என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் என்னால தாங்க முடியலை.

எனக்குப் புரிஞ்சது இதுதான். ஊர் பேர் தெரியாததுதான் இவனோட மூலதனம். பசுபதிநாத்னா போயிட்டு வந்தவங்க பக்கத்து வீட்டிலேயே இருப்பாங்க, விசாரிக்கலாம். தான்சேன்னா யாரைக் கேட்பீங்க? 'அங்கே பஸ் கிடையாது, ரூம் கிடைக்காது'ன்னு பயமுறுத்தினான். பஸ்ஸும் இருக்கு, ஜீப்பும் இருக்கு, விடுதியும் இருக்கு. நாங்களே ஏறி இறங்கி, ரூம் எடுத்துத் தங்கிட்டு வந்துட்டோமே, அவனுக்குக் கொடுத்த 46,800 ரூபாயால ஒரு பிரயோஜனமும் இல்லாமலே.

எப்படி விசாரிக்கிறதுன்னு விரிவா எழுத நினைச்சேன், போனில் சார்ஜ் இல்லை. அவசரத்துக்கு இது மட்டும்: ரூம் புக் பண்ணியாச்சுன்னு சொன்னா ஹோட்டல் நம்பரை நீங்களே தேடிப் போன் போட்டுக் கேளுங்க. தனி ஆள் நம்பருக்கு முழுப் பணம் அனுப்பாதீங்க. பணம் போனது தெரிஞ்ச உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடிங்க, என்னை மாதிரி 'திருப்பித் தருவான்'னு அஞ்சு நாள் காத்திருக்காதீங்க. நான் இன்னைக்குத்தான் புகார் பதிஞ்சேன்.

இதே மாதிரி 'ஐயாவைக் கையைப் பிடிச்சு ஏத்துறேன்' வாய்ஸ் நோட் வேற யாருக்காவது வந்திருந்தா, பணம் கட்டியிருந்தா, எனக்கு எழுதுங்க. சேர்ந்து புகார் கொடுக்கலாம்.