விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி செமஸ்டரில் சினிமா இன்டர்ன்ஷிப்: எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் எந்த யூனிட்டில் போடப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எடுங்கள், ஏனென்றால் இந்த செமஸ்டர் நல்லதா வீணா என்பது முழுக்க அதில்தான் இருக்கிறது.

சென்னையில் நான் படித்த கல்லூரியின் பெயரைப் போடவில்லை, ஜூனியர்கள் இன்னும் அங்கே படிக்கிறார்கள். ஏற்பாடு இதுதான்: திங்கள் முதல் வியாழன் வரை ஸ்டூடியோ அல்லது படப்பிடிப்பு, வெள்ளி சனி வகுப்பு. பாதி செமஸ்டருக்கு ஒரு இடம், மீதிக்கு வேறு இடம். எல்லாரும் ஆசைப்படுவது பெரிய ஹீரோ படத்துக்கு, எனக்கு முதலில் கிடைத்ததும் அதுதான். பூந்தமல்லி தாண்டி செட், விடியற்காலையில் வடபழனியிலிருந்து கம்பெனி வண்டி.

அங்கே இன்டர்னுக்கு வேலை என்று ஒன்றுமே இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஃபெப்சி என்ற சினிமா தொழிலாளர் சம்மேளனத்தில் லைட்மேன், மேக்கப், ஆர்ட், காஸ்ட்யூம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச் சங்கம். கார்டு இல்லாதவர் ஒரு லைட் ஸ்டாண்டைக்கூட நகர்த்தக்கூடாது. சங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, தினக்கூலிக்கு வரும் ஒருத்தர் இடத்தில் சம்பளம் இல்லாத மாணவனை நிறுத்தினால் அவர் வீட்டு அரிசிக்கு யார் பதில் சொல்வது? இது தெரிந்தும் வருஷாவருஷம் ஒரு கூட்டத்தை செட்டுக்கு அனுப்பி, குடை நிழலில் நிற்கவைத்து, அதற்கும் மார்க் போடும் கல்லூரிதான் தப்பு செய்கிறது.

அந்தப் பாதியில் உருப்படியாகக் கற்றது ஒரே மேசையில், கேமரா கார்டிலிருந்து ஃபுட்டேஜை ஹார்ட் டிஸ்கில் இறக்கும் மேசை. எடுத்து முடித்த கார்டுக்கு சிவப்பு டேப், காலி கார்டுக்கு பச்சை டேப். ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்குக்கு காப்பி ஓடும், சாயங்காலம் மூன்றாவது டிஸ்க் ஆபீஸுக்குப் போகும். "சைஸ் சரியா இருக்குன்னு பார்த்துட்டு கார்டை அழிச்சிடாதம்மா, செக்சம் ஓடி முடியட்டும்" என்று அந்த மேசையைப் பார்த்துக்கொண்ட அண்ணன் தினமும் சொல்வார். செக்சம் என்பது காப்பியும் கார்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது, ஒரு பைட் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைய படப்பிடிப்புச் செலவு மொத்தமும் அந்தச் சின்ன கார்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவர் ஏன் பச்சை டேப்பை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டார் என்பது புரிந்தது.

இரண்டாம் பாதி சாலிகிராமத்தில் ஒரு சவுண்ட் ஸ்டூடியோ. இந்த செமஸ்டருக்கு நான் நல்ல மார்க் போடுவதே இதற்காகத்தான். நம் படங்களில் பெரும்பாலும் வசனத்தை டப்பிங்கில்தான் எடுக்கிறார்கள், அதனால் நடிகர் நடக்கும் சத்தம், டம்ளர் வைக்கும் சத்தம், கதவுத் தாழ்ப்பாள் எல்லாமே பிறகு உண்டாக்கவேண்டியது, அந்த வேலைக்குப் பெயர்தான் ஃபோலி. ஃபோலி அறையில் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மணல், ஜல்லி, மொசைக், மரப்பலகை போட்டிருந்தார்கள். ஒரு காட்சியில் பட்டுப்புடவையோடு ஒரு அம்மா மாடிப்படி இறங்குகிறார். ஃபோலி செய்தவர் பட்டை எடுக்கவே இல்லை, கஞ்சி போட்ட காட்டன் துணியை மைக் பக்கத்தில் லேசாகக் கசக்கினார், கண்ணை மூடிக் கேட்டால் கல்யாண வீடு! அவர் திரையில் காலைப் பார்ப்பதில்லை, தோளைப் பார்க்கிறார், எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் காலடி விழும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் இதெல்லாம் பிடிபடும். படம் தெலுங்குக்கோ இந்திக்கோ போகும்போது வசனம் மட்டும் மாறும், இசையும் சத்தமும் தனி டிராக்காகப் போகவேண்டும், அதனால் இந்த எம் அண்ட் ஈ (மியூசிக் அண்ட் எஃபெக்ட்ஸ்) வேலை அங்கே எப்போதும் இருந்தது. இன்டர்னை நம்பி கட்டம் பிரிப்பது, ஃபைலுக்குப் பெயர் வைப்பது, டப்பிங் லூப் (டப்பிங்கில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பேசும் வசனத் துண்டு) குறிப்பது என்று உண்மையான வேலையே கொடுத்தார்கள்.

வகுப்புகளில் தவறவே விடக்கூடாதது சனிக்கிழமை காப்புரிமை வகுப்பு. எழுத்து ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் உரிமை கொடுத்தது 5 ஆண்டுக்குத்தான், எல்லை எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான், இது சட்டத்திலேயே இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாட்டுக்கான ராயல்டியில் தங்கள் சம பங்கை தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. பாட்டு எழுதும் ஆசையோடு ஊரிலிருந்து வந்த பையன்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? மேடம் பெயர்களை அழித்த நிஜ ஒப்பந்தங்களைக் கொண்டுவந்து, எந்த வரியில் எழுத்தாளர் கை கட்டப்படுகிறது என்று பென்சிலால் அடிக்கோடு போட்டுக் காட்டினார். சென்சார் வகுப்பும் பரவாயில்லை, இப்போது யுஏ சான்றிதழே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது என்பதை அங்கேதான் விளக்கமாகக் கேட்டேன். மார்க்கெட்டிங் வகுப்பு பழைய ஸ்லைடுகள், அவ்வளவுதான்.

இப்போது குறை. முழு செமஸ்டர் ஃபீஸும் வாங்கிக்கொண்டு பஸ் காசுகூடக் கொடுக்கவில்லை. செட்டில் பேட்டாவும் கிடையாது. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை, சாயங்காலம் பஸ் நகராது, ஆட்டோவுக்கே வீட்டில் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பாதியில் ரெக்கார்ட் நோட்டு எழுதும் வழக்கமான செமஸ்டருக்கே மாறிவிட்டார்கள், எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது, அவர்களில் ஒருத்தி எங்களில் எல்லாரையும்விட நன்றாக எடிட் செய்பவள்.

அப்புறம் பெண்கள் விஷயம். இரவு ஷூட் என்றால் திரும்ப வண்டி யார் பொறுப்பு என்று கல்லூரிக்கும் தெரியவில்லை, கம்பெனிக்கும் தெரியவில்லை. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சிக்கு வருபவரையும் ஊழியராகத்தான் கணக்கில் எடுக்கிறது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆகவேண்டும். முதல் நாளே அந்தக் குழுவில் யார் என்று எங்களிடம் சொன்னது சவுண்ட் ஸ்டூடியோ மட்டும், சுவரில் நம்பரோடு ஒட்டியிருந்தார்கள். செட்டில் கேட்டபோது மேனேஜரைப் பாருங்கள் என்றார்கள், மேனேஜர் இயக்குநரின் உதவியாளரைக் காட்டினார்.

சேரப்போகிறவர்கள் கல்லூரியில் உங்கள் துறையில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: என் கையில் என்ன வேலை வரும், யாருக்குக் கீழே உட்காருவேன், இரவானால் யார் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். பதில் எழுத்தில் வாங்குங்கள். எடிட், சவுண்ட், டிஐ (படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை) இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள், இருக்கைகள் குறைவு, செமஸ்டர் தொடங்கும் முன்பே நீங்கள் செய்த ஒரு குறும்படத்தின் சவுண்டையோ எடிட்டையோ பென்டிரைவில் போட்டு ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிட்டால் பெயர் மேலே போகிறது. எங்கள் பேட்சில் அப்படித்தான் போனது.