கோரோசிங்க் 3-இல் இரட்டை இணைப்பு: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

"சர்வரில் இரண்டு போர்ட் இருக்கு, பாண்டிங் போட்டாச்சு. பேஸ்மேக்கர் கிளஸ்டருக்கு அது போதாதா?" என்று நண்பர் கேட்டிருந்தார். போதாது. (பாண்டிங் என்றால் இரண்டு நெட்வொர்க் போர்ட்டையும் ஒன்றாகக் கட்டி, ஒன்று போனால் மற்றது தாங்குவது. பேஸ்மேக்கர் என்பது ஒரு சர்வர் விழுந்தால் அதன் சேவைகளை வேறு சர்வரில் தொடங்கும் மென்பொருள்; அந்தச் சர்வர்களின் கூட்டம்தான் கிளஸ்டர், ஒவ்வொன்றும் ஒரு நோட். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவுவது கோரோசிங்க்.) ஏன் என்பதையும், அதற்கு மாற்றான கோரோசிங்க் இரட்டை இணைப்பு பழகப் பழக எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பாண்டிங்கில் எம்ஐஐ கண்காணிப்பு பார்ப்பது ஒன்றைத்தான்: கேபிளில் சிக்னல் இருக்கிறதா? ஸ்விட்ச் பக்கம் யாராவது அந்த போர்ட்டின் விலானை (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) மாற்றிவிட்டால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஒரு பாக்கெட் கூடப் போகாது. பாண்டிங்குக்கு எல்லாம் நலம். ஏஆர்பி கண்காணிப்பு, அதாவது ஒரு முகவரிக்குக் கேள்வி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது, இதைக் கண்டுபிடிக்கும், ஆனால் ஆக்டிவ்-பேக்கப் (ஒரு போர்ட் வேலை செய்ய மற்றது காத்திருப்பது) போன்ற முறைகளில் வைத்தால்தான். எல்ஏசிபி முறையில் (சர்வரும் ஸ்விட்சும் பேசி வைத்துப் போர்ட்டுகளை ஒன்றாக்குவது) அது வேலை செய்யாது. எல்ஏசிபி தன் சொந்தச் செய்திகளை வைத்து மறுமுனை பேசுகிறதா என்று மட்டும் பார்க்கும், விலான் மாறியது அதற்குத் தெரியாமலே போகலாம். மறுமுனை பேசாமல் போனாலும் உடனே தெரியாது. மெதுவான வேகத்தில் 30 விநாடிக்கு ஒரு செய்தி, மூன்று தவறினால்தான் இணைப்பு போனதாகக் கணக்கு. மொத்தம் 90 விநாடி. கோரோசிங்க் 3.1-இன் இயல்பான டோக்கன் அவகாசமோ (நோடுகளிடையே சுற்றிவரும் டோக்கன் செய்தி வராமல் பொறுக்கும் நேரம்) 3 விநாடி. பாண்டிங் விழித்துக்கொள்வதற்குள் ஒரு நோட் ஃபென்ஸ் ஆகி (மற்ற நோடுகள் அதை வலுக்கட்டாயமாக நிறுத்துவது), ரீபூட்டும் ஆகியிருக்கும். வேகத்தை ஃபாஸ்ட் என்று மாற்றினாலும் 3 விநாடி, அதுவும் விளிம்பில்தான். போதாக்குறைக்கு, எல்ஏசிபியை இரண்டு ஸ்விட்சில் பிரிக்க ஸ்டாக் (பல ஸ்விட்சுகள் சேர்ந்து ஒரே ஸ்விட்ச்போல் இயங்குவது) அல்லது அதுபோன்ற வசதி வேண்டும். ஃபர்ம்வேர் மேம்படுத்தும்போது ஸ்டாக் முழுதும் ஒன்றாக ரீபூட் ஆகும் மாடல்கள் நிறைய உண்டு.

கோரோசிங்க் 3-இன் நெட்வொர்க் அடுக்கான குரோனோஸ்நெட் இங்கேதான் மனதைக் கவர்கிறது. பழைய கோரோசிங்க் 2-இல் இரண்டு வளையங்களுக்கு (அப்போது இணைப்புகளுக்கு அந்தப் பெயர்) மேல் கிடையாது. இப்போது 8 இணைப்புகள் வரை வைக்கலாம். ஒவ்வொரு இணைப்பிலும் நோடுகள் தாமே பிங் அனுப்பிப் பதிலை எதிர்பார்க்கின்றன, அதனால் விளக்கு எரிகிறதா என்ற கேள்வியே இல்லை, பாக்கெட் போய் வருகிறதா என்பதுதான் கேள்வி. பதில் வராமல் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதும் டோக்கனிலிருந்தே கணக்காகிறது. இயல்பான அமைப்பில் அதில் பாதி, அதாவது 1.5 விநாடி. டோக்கன் தீர்வதற்குள் போக்குவரத்து அடுத்த இணைப்புக்குப் போய்விடுகிறது, கிளஸ்டரில் சலனமே இல்லை. டோக்கனை 10 விநாடிக்கு ஏற்றுபவர்கள் இந்த நேரமும் 5 விநாடியாக ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

அமைப்பது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு நோடுக்கும் இரண்டு முகவரி, கட்டாயம் வெவ்வேறு சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்). ஒரே சப்நெட்டில் இரண்டு கார்டு வைத்தால் ஒன்றுக்கு வந்த ஏஆர்பி கேள்விக்கு மற்றது பதில் சொல்லும், இரண்டு இணைப்பும் ஒரே கேபிளில் போய் நிற்கும். ஒரு நேரத்தில் ஒரே இணைப்பைப் பயன்படுத்தும் பாசிவ் முறையில் முன்னுரிமை எண் பெரிதாக உள்ள இணைப்பே பயன்படும், எண்கள் சமமாக இருந்தால் இணைப்பு எண் சிறியது. கார்டுகளில் ஒன்று மதர்போர்டில் உள்ளதாகவும் மற்றது தனி பிசிஐ கார்டாகவும் இருக்கட்டும். இரட்டை போர்ட் கார்டு ஒன்று செத்தால் இரண்டு இணைப்பும் போகும். இரண்டு ஸ்விட்சும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் தொங்கினாலும் அதே கதைதான். நோடுகள் இரண்டே என்றால், இரண்டாவது இணைப்பாக இரண்டுக்கும் நடுவே நேரடிக் கேபிள் போடுவதைவிடச் சிறந்தது இல்லை. இடையில் ஸ்விட்சே இல்லை.

இவ்வளவு நல்லதைச் செய்துவிட்டு, ஒரு விஷயத்தில் மட்டும் இந்த மென்பொருள் பொறுமையைச் சோதிக்கிறது. ஒரு இணைப்பு செத்தால், இயல்பான அமைப்பில் அது யாருக்கும் சொல்வதில்லை. பேஸ்மேக்கரின் நிலைத் திரையில் எல்லா நோடும் ஆன்லைன், எல்லா சேவையும் ஓடுகிறது. இணைப்பு பற்றி ஒரு வரி இல்லை. லாகில் 'லிங்க் 1 டவுன்' என்று ஓரிரு வரி விழும், அடுத்த ஆயிரம் வரிகளில் புதைந்துபோகும். ஸ்டெப்னி பஞ்சராகிக் கிடப்பது நடுரோட்டில்தானே தெரியும்!

இதன் மிக மோசமான வடிவம் முதல் நாளிலேயே நடக்கும். இணைப்பு 0 யுடிபி 5405-இல் பேசுகிறது, இணைப்பு 1 யுடிபி 5406-இல். ஃபயர்வாலில் 5405 மட்டும் திறந்திருந்தால் இரண்டாவது இணைப்பு உயிர் பெறுவதே இல்லை, கிளஸ்டர் மட்டும் ஆரோக்கியமாகத் தெரியும். 5405 முதல் 5412 வரை திறந்துவிடுங்கள். ஃபயர்வால்டி இருந்தால் ஹை-அவைலபிலிட்டி சேவையைச் சேர்த்தாலே போதும். பிறகு கோரோசிங்கின் சிஎஃப்ஜிடூல் கட்டளையை எஸ் விருப்பத்தோடு (corosync-cfgtool -s) ஓட்டி, எல்லா நோடிலும் எல்லா இணைப்பும் 'கனெக்டட்' என்று வருகிறதா பாருங்கள். அதே கட்டளையைக் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டி, 'டிஸ்கனெக்டட்' என்ற சொல் வந்தால் எச்சரிக்கை அனுப்ப வையுங்கள். பத்து வரி ஸ்கிரிப்ட். இதை நிலைத் திரையிலேயே காட்டியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சோதிக்கும்போது கேபிளைப் பிடுங்குவது சுலபமான சோதனை, அதில் எல்லாமே தேறிவிடும். ஸ்விட்சில் அந்த போர்ட்டை வேறு விலானுக்கு மாற்றிப் பாருங்கள், அதுதான் உண்மையான பரீட்சை. ஐபிஎம்ஐ கேபிள் (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்கவும் இயக்கவும் உதவும் தனி இணைப்பு) எந்த ஸ்விட்சில் இருக்கிறது என்றும் கவனியுங்கள். ஃபென்சிங்குக்கு அது ஒன்றே வழி என்றால், அந்த ஸ்விட்ச் போன பிறகு ஒரு நோட் விழுந்தால் ஃபென்சிங் வெற்றி பெறாது. அது வெற்றி பெறும்வரை பேஸ்மேக்கர் விழுந்த நோடின் சேவைகளை வேறெங்கும் தொடங்காது. அதற்கு மாற்றாக தொலைவிலிருந்து அணைக்கக்கூடிய பவர் ஸ்ட்ரிப் வழி ஃபென்சிங்கோ எஸ்பிடியோ (பொதுவான டிஸ்க் அல்லது வாட்ச்டாக் வழியே நோட் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் முறை) இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும்.

பாண்டிங்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பயனர்கள் வந்து சேரும் சேவை நெட்வொர்க்குக்கு அது வேண்டும், ஆக்டிவ்-பேக்கப் முறையில், கேட்வேயைக் குறிவைத்த ஏஆர்பி கண்காணிப்போடு. கோரோசிங்க் இணைப்புகள் நலமாக இருக்கும்போதே சேவைப் பக்கம் அறுந்துபோகலாம். அதற்கு பேஸ்மேக்கரின் பிங் ரிசோர்ஸும் (வெளி முகவரி எட்டுகிறதா என்று பார்ப்பது) இடக் கட்டுப்பாடும் (எட்டாத நோடில் சேவை ஓடாமல் தடுப்பது) தனியாக வேண்டும்.

ஆக நண்பருக்கு என் பதில்: குரோனோஸ்நெட்டைவிட நம்பகமாக இந்த வேலையைச் செய்வதை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பத்து வரி ஸ்கிரிப்டை எழுத நேரமில்லை என்றால், ஒற்றைக் கேபிளோடேயே இருங்கள். அறுந்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும்.