சைக்கிள் ரேஸுக்கு டியூபுலர் டயரா, கிளிஞ்சர் டயரா?

நம்ம குமரி மாவட்ட ரோட்டுக்கு என் ஓட்டு கிளிஞ்சருக்குத்தான், அதாவது டயரும் டியூபும் தனித்தனியாக இருந்து, டயரின் விளிம்பு ரிம்மில் மாட்டிக்கொள்ளும் வகை. டியூபுலரில் டியூபை உள்ளே வைத்துத் தைத்தே விடுவார்கள், அதைப் பசை போட்டு ரிம்மில் ஒட்ட வேண்டும். ரிம் எடை குறையும், குழியில் இடித்தாலும் டியூப் நசுங்கி ஓட்டை விழுவது அபூர்வம், காற்று போனாலும் டயர் ரிம்மிலேயே இருப்பதால் மெதுவாக ஓரம் கட்டலாம். பின்னால் உதிரி வீலோடு வண்டி வரும் ரேஸுக்கு அருமை. சரி, பேச்சிப்பாறை பக்கம் தனியாகப் பயிற்சிக்குப் போகும்போது பஞ்சரானால்? கிளிஞ்சரில் டயர் கழற்றும் லிவர் போட்டு நெம்பி, டியூபை மாற்றிப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். டியூபுலரிலோ தையலைப் பிரித்து, ஒட்டுப் போட்டு, மறுபடி தைத்து, பசை காய ஒரு ராத்திரி விட வேண்டும். பசை பிடிக்காவிட்டால் வளைவில் டயரே கழன்றுவிடும், அதை லேசாக எடுக்காதீர்கள். அப்புறம், எதை வாங்கினாலும் அகலம் 25 அல்லது 28 மில்லிமீட்டர் எடுங்கள்.