ஊருக்குப் போய் வந்த கதை

காரைக்குடியில் ஒரு பழைய புத்தகக் கடையில் 60 ரூபாய்க்கு இந்த நாவலை வாங்கினேன். முன்னட்டையும் முதல் நான்கு பக்கங்களும் இல்லை, தலைப்புகூடத் தெரியாது. "படிச்சுப் பாருங்கண்ணே, பிடிக்கலேன்னா திருப்பிக் கொடுங்க" என்றார் கடைத் தம்பி. திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஒரு கல்லூரி மாணவி காலம் தாண்டி, கி.மு. 1750 வாக்கில் மெசபடோமியாவில் போய் நிற்கிறாள். அந்த நகரத்தின் பெயரே ஊர்! துரத்தல், தப்பித்தல் எல்லாம் சரி, வேகமாகப் போகிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது செம்பு வியாபாரக் காட்சி. மட்டமான செம்பைத் தந்ததாக ஈயா-நாசிர் என்ற வியாபாரிக்கு நன்னி என்பவர் அனுப்பிய புகார் உண்மையிலேயே இருக்கிறது. அந்தக் களிமண் பலகை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. எழுத்தர் நாணல் குச்சியைச் சாய்த்து ஈர மண்ணில் அழுத்தி அழுத்தி ஆப்பு வடிவ எழுத்தைப் பதிப்பதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். மண் காய்வதற்குள் முடிக்க வேண்டுமே என்ற பதைப்பு நமக்கும் வந்துவிடுகிறது. என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதியவர். திண்ணையில் சம்மணமிட்டு, வரி வரியாக விரல் வைத்துப் பேரேடு சரிபார்ப்பார். அப்படியே அவரைப் பார்த்தேன்.

இரண்டே நாளில் அவள் அந்தக் கால மெசபடோமியாவின் அக்காடிய மொழி பேசுவதைத்தான் நம்ப முடியவில்லை.

தலைப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவள் எப்படிக் கிளம்பினாள் என்று அந்த நான்கு பக்கங்களைப் படிக்க வேண்டும்.